இராத்திரி ஷிப்டில் இருக்கும் நம் பிள்ளைகள் ஒளிந்து படிக்க வேண்டாம்

(கிள்ளானில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடையாள அட்டை, குடியுரிமை, தடுப்புக் காவல் மரணம் என்று பேசுகிறவர் இன்று கணினி வேலை பற்றிப் பேசப் போகிறாரா என்று ஒரு தோழர் வாசலிலேயே கேட்டார். உரிமைப் போராட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். நான் பேசி முடிப்பதற்குள் அவருக்குப் பதில் கிடைக்கிறதா பார்ப்போம்.

உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் "கம்ப்யூட்டர் வேலை" செய்கிறார். கழுத்தில் அட்டையோடு மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, காலை எட்டு மணிக்குச் சிவந்த கண்ணோடு வீடு திரும்புகிறார். என்ன வேலை என்று கேட்டால் "ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்கிறார். உண்மைதான். சைபர்ஜெயாவிலும் ஜொகூரிலும் இருக்கும் தரவு மையங்களிலும், வங்கிகளுக்கும் விமான நிறுவனங்களுக்கும் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் கம்பெனிகளிலும் நம் பிள்ளைகள் பலர் செய்வது கண்காணிப்பு வேலை. ஒரு சர்வர் நின்று போனால் சிவப்பு விளக்கு எரியும். உடனே ஒரு டிக்கெட் திறக்க வேண்டும். கையேட்டில் சொன்னபடி நான்கு காரியம் செய்து பார்க்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த நிலையில் இருப்பவரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும். இதற்கு முதல்நிலை வேலை என்று பெயர். கடவுச்சொல்லை மாற்றிக் கொடுப்பது, இரவு நகல் எடுப்பு முடிந்ததா என்று பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும்.

இந்த வேலையில் கெளரவம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையேட்டில் எழுதி வைத்து ஒரு மனிதனைச் செய்யச் சொல்லக்கூடிய நான்கு காரியத்தை, ஒரு மென்பொருளிடமும் சொல்லலாம். சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள். முதல்நிலையிலேயே ஐந்து வருடம், ஆறு வருடம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கதி என்ன? அதனால்தான் அவர்கள் மேலே ஏறப் பார்க்கிறார்கள். லினக்ஸ் படிக்கிறார்கள், நெட்வொர்க் படிக்கிறார்கள், பைத்தான் எழுதப் பழகுகிறார்கள். மெத்தச் சந்தோஷம். ஆனால் பலர் ஒளிந்து படிக்கிறார்கள். என் மேசைக்கு வரும் வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் இளைஞரின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். எஸ்.பி.எம். முடித்தவர், பிறகு ஒரு டிப்ளோமா. இராத்திரி மூன்று மணிக்கு வேலை ஓய்ந்திருக்கும் நேரத்தில், யாரும் பயன்படுத்துவதில்லை என்று அவர் நினைத்த ஒரு சர்வரில் பயிற்சிக்காக ஒரு மென்பொருளை ஏற்றிப் பார்த்திருக்கிறார். மேலாளரிடம் கேட்டால் "உன் வேலையைப் பார்" என்பார் என்ற பயத்தில் கேட்கவில்லை. அந்த சர்வர் ஒரு வாடிக்கையாளருடையது. பாதுகாப்புச் சோதனையில் சிக்கியது. வேலை இடைநீக்கம், உள் விசாரணை, கடைசியில் பணிவிலகல் கடிதம். அவருடைய அப்பா லாரி ஓட்டுநர். என் எதிரில் உட்கார்ந்து, "படிக்கத்தானே சார் செஞ்சான், திருடலையே?" என்று கேட்டார்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1997-ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் 3-ஆவது பிரிவு, அனுமதியில்லாமல் ஒரு கணினியில் உள்ளதை அணுகுவதையே குற்றமாக்குகிறது. தண்டனை 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 5-ஆவது பிரிவு, அனுமதியில்லாமல் உள்ளே மாற்றம் செய்வதைப் பற்றியது. அதற்கு 1,00,000 வெள்ளி, 7 ஆண்டு வரை போகலாம். உங்களிடம் கடவுச்சொல் இருக்கிறது என்பது அனுமதி ஆகாது. எந்த வேலைக்காகக் கொடுத்தார்களோ அந்த வேலைக்குத்தான் அது அனுமதி. அந்தத் தம்பி மீது போலீஸ் புகார் வரவில்லை என்பது அவருடைய அதிர்ஷ்டம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் நான்கு வரி மின்னஞ்சல் எழுதி, "சோதனைக்கென்று ஒரு சர்வர் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இன்று வேலையில் இருப்பார்.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். இங்கே இருக்கும் பெரியவர்களுக்குப் பிராங் பெசார் தோட்டம் ஞாபகம் இருக்கும். 1921-இல் தொடங்கிய தோட்டம். அங்கே உருவாக்கிய ரப்பர் மர வகைகளுக்குத் தோட்டத்தின் பெயரையே வைத்தார்கள். பி.பி. 86 என்றால் ரப்பர் பயிரிட்ட நாடுகளில் எல்லாம் தெரியும். அந்த 'பி.பி.' பிராங் பெசார்தான். 1990-களில் அந்தத் தோட்டம்தான் புத்ராஜெயா ஆனது. பக்கத்திலேயே 1997-இல் சைபர்ஜெயா பிறந்தது. பிராங் பெசார், மேடிங்லி, காலவே, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டத்து மக்களை டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். அந்த வீடுகளின் கதை உங்களுக்கே தெரியும்.

நான் சொல்ல வருவது வேறு. மரத்துக்குக் காயம் படாமல், பட்டையை வீணாக்காமல், விடிவதற்கு முன் இருட்டில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி முடிப்பது சாதாரணத் திறமையா? உங்கள் அம்மாவும் பாட்டியும் அதைச் செய்தார்கள். மரத்துக்குப் பெயர் இருந்தது, எண் இருந்தது, ஆராய்ச்சிப் பதிவு இருந்தது. மரம் சீவியவர் கைத்திறனுக்கு ஒரு துண்டுக் காகிதம் இருந்ததா? செக்ரோல் புத்தகத்தில் பெயர் இருந்தது, வந்தாரா வரவில்லையா என்பதற்காக. தோட்டம் போனபோது முப்பது வருடத் திறமை ஒரே நாளில் பூஜ்யம் ஆனது. அந்தத் திறமை தோட்டத்துக்குள் மட்டும்தான் செல்லும் காசு.

இன்று அதே சைபர்ஜெயாவில் இராத்திரி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் கேட்கிறேன். நீங்கள் கற்றுக்கொண்டதற்கு உங்கள் பெயரில் என்ன பதிவு இருக்கிறது? டிக்கெட் கணக்கு இருக்கிறது, அது கம்பெனியுடையது. வருகைப் பதிவு இருக்கிறது, அதுவும் கம்பெனியுடையது. செக்ரோல் புத்தகத்துக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வெளிப்படையாகப் படிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். மேலாளருக்குத் தெரியப் படியுங்கள், கூட வேலை செய்பவருக்குத் தெரியப் படியுங்கள், உங்கள் பெயரும் தேதியும் பதிவாகும் விதத்தில் படியுங்கள்.

பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தங்கை இப்படித்தான் செய்தார். முதல் மாதமே மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கடிதம் எப்படி இருந்தது என்று தமிழில் சொல்கிறேன், நீங்கள் ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதிக்கொள்ளுங்கள். "நான் லினக்ஸ் நிர்வாகம் கற்று வருகிறேன். என் சொந்தக் கணினியில், என் சொந்த நேரத்தில் படிக்கிறேன். கம்பெனித் தகவல் எதையும் பயன்படுத்தவில்லை. இரண்டாம் நிலைக் குழுவினர் வேலை செய்யும்போது மாதம் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி வேண்டும். பயிற்சி வகுப்பு ஏதும் இருந்தால் என் பெயரையும் சேர்க்கவும்." அவ்வளவுதான். கெஞ்சல் இல்லை, மிரட்டல் இல்லை. எச்.ஆர். பிரிவுக்கு ஒரு பிரதி. பதில் வரவில்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு மின்னஞ்சல். அப்போதுதான் பதில் வந்தது.

வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று. லினக்ஸ் இலவசம். அதுவே வெளிப்படையாக வளர்ந்த ஒரு பொருள்தான். ஹெல்சிங்கியில் ஒரு மாணவர், லினஸ் தோர்வால்ட்ஸ், 1991-இல் "இப்படி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், பாருங்கள்" என்று ஊருக்குச் சொல்லித் தொடங்கியது. ஒரே மடிக்கணினிக்குள் மூன்று நான்கு கற்பனைக் கணினிகளை ஓடவிடும் மென்பொருளும் இலவசம். அவற்றை வேண்டுமென்றே உடைத்து, திரும்ப நிமிர்த்திப் பழகினார். கம்பெனி சர்வரை உடைத்தால் குற்றம், வீட்டில் உடைத்தால் பாடம். தான் செய்ததை எல்லாம் 'கிட்' என்னும் மென்பொருளில் சேர்த்து வந்தார். ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது செய்தார் என்று அது குறித்து வைக்கும். வழக்கறிஞர் என்ற முறையில் எனக்கு அந்த மென்பொருள் மீது ஒரு தனிப் பிரியம். நம் 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு கணினி உருவாக்கிய ஆவணங்களைச் சாட்சியமாக ஏற்கிறது, அதற்குரிய நிபந்தனைகளோடு.

அந்தத் தங்கைக்கும் எல்லாம் இனிப்பாக நடக்கவில்லை. வேலை நேரத்தில், இரவு நகல் எடுப்பைத் தானாகவே சரிபார்க்கும் ஒரு சிறு நிரலை எழுதினார். குழுத் தலைவர் அதைத் தன் வேலை என்று மேலே காட்டிவிட்டார். என்னிடம் வந்து, அந்த நிரலைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டார். முடியாது. 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 26-ஆவது பிரிவின்படி, வேலையின் ஒரு பகுதியாகச் செய்த படைப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். அதை வீட்டுக்கு எடுத்துப் போனாலும் தப்பு, பெயரை மாற்றி இணையத்தில் போட்டாலும் தப்பு. நான் சொன்னேன், நிரல் அவர்களுடையது, ஆனால் அதை எழுதத் தெரிந்த தலை உங்களுடையது. அவர் வீட்டுப் பக்கத்து டியூஷன் நிலையத்தில் இருந்த ஒரே ஒரு கணினிக்கு, அந்த நிலையத்தாரின் சம்மதத்தோடு, நகல் எடுக்கும் ஏற்பாடு ஒன்றைப் புதிதாக எழுதிக் கொடுத்தார். வேறு தேவை, வேறு நிரல், முழுக்க அவர் பெயரில். ஒன்றரை வருடம் கழித்து வேறொரு கம்பெனி நேர்முகத் தேர்வில் அவர் திறந்து காட்டியது அதைத்தான்.

ஆகவே தம்பி தங்கைகளே, உங்கள் குறிப்புகளை நாலு பேர் பார்க்க வையுங்கள், ஆனால் கம்பெனியின் கடவுச்சொல், வாடிக்கையாளர் பெயர், சர்வர் முகவரி, திரைப்படம் பிடித்த பிழைச் செய்தி எதுவும் அதில் இருக்கக் கூடாது. வேலை நியமனக் கடிதத்தையும் ஒரு முறை ஒழுங்காகப் படியுங்கள். சில கடிதங்களில் "வேலைக் காலத்தில் நீ உருவாக்கும் எதுவும் எங்களுக்கே" என்று வலை அகலமாக விரித்திருப்பார்கள். அப்படி இருந்தால், வீட்டில் செய்வதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, ஆட்சேபம் இல்லை என்று பதில் வாங்கி வையுங்கள்.

"படிக்க நேரம் எங்கே சார்?" என்று கேட்பீர்கள். நியாயம். 12 மணி நேர ஷிப்ட், இரண்டு மணி நேரம் சாலையில். முதலில் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை நேரம், முன்பு 48. ஷிப்ட் வேலைக்குச் சராசரிக் கணக்கு உண்டு, அதற்கும் எல்லை உண்டு. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்களுக்கு அதற்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு ஓ.டி. கொடுத்தாக வேண்டும். "நீ எக்சிகியூட்டிவ், உனக்கு ஓ.டி. கிடையாது" என்று பட்டத்தைக் கொடுத்துக் காசைப் பிடுங்குவது பழைய தந்திரம். சட்டம் பார்ப்பது பட்டத்தை அல்ல. அதே திருத்தத்தில் 60பி பிரிவு வந்தது. வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் ஆகியவற்றை மாற்றிக் கேட்டு நீங்கள் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு மாலை வகுப்புக்குப் போக ஷிப்டை மாற்றிக் கேட்க இந்த வழியைப் பயன்படுத்துங்கள். ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் மேலாளர் வாயால் "போடா" என்று முடித்துவிட முடியாது.

பயிற்சிக் காசு பற்றியும் கேளுங்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் உள்ள முதலாளிகள் மனிதவள மேம்பாட்டு நிதிக்குச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டுகிறார்கள். 2021 மார்ச் முதல் இந்த வலை மிகவும் அகலமானது. அது முதலாளி கட்ட வேண்டிய பணம், உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அந்தப் பணத்தில் யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதும் முதலாளிதான். அங்கேதான் யார் பெயர் போகிறது, யார் பெயர் போவதில்லை என்ற விவகாரம் வருகிறது. நான் எந்த விவகாரத்தைச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரியும்.

வாசலில் கேள்வி கேட்ட தோழருக்கு இந்த இடத்தில் பதில் சொல்கிறேன். நம் பிள்ளை பதவி உயர்வில் ஒதுக்கப்படுகிறான். இனம் காரணமா? நமக்குத் தெரியும், நிரூபிக்க முடியவில்லை. அரசியலமைப்பின் 8-ஆவது விதி சமத்துவம் பேசுகிறது. ஆனால் தனியார் முதலாளியை அது கட்டுப்படுத்தாது என்று 2005-இல் கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது, கர்ப்பமானதால் வேலையிழந்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில். இன்று நம் கையில் இருப்பது வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவு. 2023 முதல், வேலையில் பாரபட்சம் என்ற புகாரைத் தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். பாரபட்சம் என்றால் என்ன என்று அந்தச் சட்டம் விளக்கவே இல்லை, வேலை தேடுபவருக்கு அது உதவாது. ஓட்டை நிறைந்த குடைதான். ஆனாலும் அந்தக் குடையைப் பிடிக்கவாவது கையில் ஏதாவது வேண்டும். "மூன்று முறை பயிற்சி கேட்டேன், இதோ தேதிகள். இன்ன திறமை எனக்கு உண்டு, இதோ அத்தாட்சி. எனக்குப் பின் வந்தவரை அனுப்பினார்கள்" என்று காட்டுபவருக்காக நான் வாதாட முடியும். ஒளிந்து படித்தவருக்காக எதை வைத்து வாதாடுவது? அவருக்குத் திறமை இருந்ததே கம்பெனிக்குத் தெரியாதே!

கம்பெனி பயிற்சிக்கு அனுப்பினால் பாண்டு கையெழுத்து கேட்பார்கள். பயந்து ஓடவும் வேண்டாம், பார்க்காமல் போடவும் வேண்டாம். எத்தனை மாதம், எவ்வளவு வெள்ளி, வேலை செய்த மாதங்களுக்குத் தக்கபடி தொகை குறைகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 75-ஆவது பிரிவு நியாயமான இழப்பீடு வரைக்கும்தான் போகிறது. ஆனால் தொகை நியாயமற்றது என்று காட்டும் பாரம், ஒப்பந்தத்தை மீறியவர் தலையில்தான் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018-இல் தீர்த்தது. அதனால் அந்தப் பயிற்சிக்கு வெளியே என்ன விலை என்ற விளம்பரத் தாளைக்கூடப் பத்திரப்படுத்துங்கள்.

"விலகிப் போனால் இரண்டு வருடம் வேறு ஐ.டி. கம்பெனியில் சேரக் கூடாது" என்ற வரி வேறு. அதற்கு அஞ்ச வேண்டாம். சட்டபூர்வமான தொழிலைச் செய்ய விடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அதே சட்டத்தின் 28-ஆவது பிரிவு. 1964-இல் பதிவான ஒரு வழக்கில், கோத்தா பாரு நகரைச் சுற்றி 5 மைலுக்குள் தொழில் செய்யக் கூடாது என்று ஒரு வழக்கறிஞரையே கட்டிப்போடப் பார்த்தார்கள், நீதிமன்றம் செல்லாது என்றது. எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆனால் பழைய கம்பெனியின் இரகசியத்தைக் காக்கும் கடமை விலகிய பிறகும் தொடரும், அதை மறக்காதீர்கள்.

பத்து வருடம் வேலை செய்தும் சான்றிதழ் இல்லாத அண்ணன்மார்கள் இங்கே இருக்கிறார்கள். உங்களுக்கு மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டு இலாகாவின் பி.பி.தி. வழி இருக்கிறது. முன்பே பெற்ற திறமையை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., கொடுப்பது. திரும்பப் பள்ளி மேசையில் உட்கார வேண்டியதில்லை, ஆனால் செய்த வேலைக்கு ஆதாரங்களைத் தொகுத்துக் கோப்பாகக் கொடுக்க வேண்டும். கம்பெனி உறுதிப்படுத்தும் கடிதம் இருந்தால் நல்லது. மேலாளருக்குத் தெரியாமல் இதைச் செய்ய முடியுமா, யோசித்துப் பாருங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. மகன் விடுமுறை நாளில் கணினி முன் உட்கார்ந்தால் படிக்கிறான் என்கிறீர்கள். மகள் உட்கார்ந்தால் "துணியை மடி" என்கிறீர்கள். நான் போகும் வீடுகளில் எல்லாம் பார்க்கிறேன். மாதம் ஐம்பது, அறுபது வெள்ளி இணையக் கட்டணத்தை வீண் செலவு என்று நிறுத்திவிடாதீர்கள். இராத்திரி ஷிப்ட் பிள்ளை பகலில் நான்கு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கவும் விடுங்கள். சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று எழுப்பாதீர்கள்.

இதையெல்லாம் செய்தும் வேலையை விட்டு எடுத்தால் அல்லது "நீயாகவே கடிதம் கொடு" என்று நெருக்கினால், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டம் 20-ஆவது பிரிவின்படி, வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுத்தாக வேண்டும். 61-ஆவது நாள் வந்து என் காலைப் பிடித்தாலும் பயனில்லை.

இப்போது கேள்வி நேரம். வேலை நியமனக் கடிதம் வைத்திருப்பவர்கள் இடது பக்க மேசைக்கு வாருங்கள், இரண்டு இளம் வழக்கறிஞர்கள் படித்துச் சொல்வார்கள், கட்டணம் இல்லை. உங்கள் கடிதமும் சம்பளச் சீட்டும் மட்டும் போதும். கம்பெனியின் வேறு ஆவணம் எதையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தால், தயவு செய்து வெளியில் எடுக்காதீர்கள், எங்களிடம் காட்டவும் வேண்டாம். அதை என்ன செய்வது என்று முதலில் தனியாகப் பேசுவோம்.